ஊவெர்த்யூர்: தோற்ற அணியிலிருந்து அமைச்சர் எடுப்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

பிரெஞ்சு அரசியல் செய்திகளில் ஊவெர்த்யூர் என்றொரு சொல் அடிக்கடி வரும். அகராதியைப் புரட்டினால் ‘திறப்பு’ என்றிருக்கும். கடை திறப்பது, சதுரங்க ஆட்டத்தின் முதல் நகர்த்தல்கள், இசை நாடகம் தொடங்கும் முன் வாசிக்கும் முகப்பிசை எல்லாமே இந்தச் சொல்தான். அரசியலில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. தேர்தலில் வென்ற அதிபர், தோற்ற அணியின் ஆட்கள் சிலரைத் தனித்தனியாக அழைத்துத் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொள்வது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘திற’ என்று பொருள்படும் அபெரீரே என்ற வினை பேச்சு லத்தீனில் திரிந்து பிரெஞ்சில் ஊவ்ரீர் ஆனது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ஊவெர்த்யூர். இத்தாலிய மொழியில் அதே வேர் அபெர்த்தூரா என்று வழங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ‘இடதுசாரிகளுக்குத் திறப்பு’ என்ற பெயரில் சோசலிஸ்டுகளை நெருங்கியது. 1963 டிசம்பரில் ஆல்டோ மோரோ அமைத்த அரசில் சோசலிஸ்ட் தலைவர் பியேத்ரோ நென்னி துணைப் பிரதமரானார். அது கட்சியும் கட்சியும் பேசி முடித்த உடன்பாடு. நம் வழக்கில் கூட்டணி ஆட்சி. பிரான்சில் இதே சொல் வேறு திசையில் போனது.

காரணம் பிரான்சின் 1958 அரசியல் சட்டம். பிரதமரை அதிபர் நியமிக்கிறார். பிரதமரின் பரிந்துரைப்படி மற்ற அமைச்சர்களையும் அவரே நியமிக்கிறார். அமைச்சராக இருப்பவர் அதே நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. ஆகவே அமைச்சராவதற்குக் கட்சி தரும் சீட்டு தேவையில்லை, அதிபரின் அழைப்பு போதும். எதிர்க்கட்சித் தலைமையிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே அதன் முக்கியமான ஒருவரைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்துவிடலாம்.

இந்தப் பொருள் ஊன்றியது 1988-இல். இரண்டாம் முறை அதிபராக வென்ற சோசலிஸ்ட் பிரான்சுவா மித்தரான், ஒரே கட்சி ஆள்வது நல்லதல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜூன் மாத நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மையும் கிடைக்கவில்லை. பிரதமர் மிஷேல் ரொக்காரின் அமைச்சரவையில், முன்பு வலதுசாரி அதிபர் ழிஸ்கார் தெஸ்தேனிடம் அமைச்சராக இருந்த ழான்-பியேர் சுவாசோன் தொழிலாளர் துறையைப் பெற்றார். நடுநிலைக் கட்சிகளைச் சேர்ந்த வேறு சிலரும் வந்தார்கள். அவர்களின் கட்சிகள் வரவில்லை.

தேர்தல் உத்தியாக இதைக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் வலதுசாரி நிக்கோலா சார்கோசி. பிரான்சில் 2002 முதல் 2022 வரை அதிபர் தேர்தல் முடிந்த இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் அறிவிக்கப்பட்ட அமைச்சரவை, நடைமுறையில் ஒரு தேர்தல் அறிக்கை. 2007 மே மாதம் அதிபர் தேர்தலில் சோசலிஸ்ட் வேட்பாளர் செகோலேன் ரோயாலைத் தோற்கடித்த கையோடு, சோசலிஸ்ட் அரசுகளில் அமைச்சராக இருந்த பெர்னார் குஷ்னேரை சார்கோசி வெளியுறவு அமைச்சராக்கினார். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர், மக்களிடம் நல்ல பெயர் உள்ளவர். சோசலிஸ்ட் கட்சி அவரை உடனே நீக்கியது. எரிக் பெஸ்ஸோனின் கதை இன்னும் கடுமையானது. சார்கோசியைக் கண்டித்து சோசலிஸ்ட் கட்சி 2007 ஜனவரியில் வெளியிட்ட ஆவணத்தைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தவரே அவர்தான். பிப்ரவரியில் ரோயாலின் பிரசாரக் குழுவிலிருந்து விலகினார், மே மாதம் சார்கோசியின் அரசில் இருந்தார். நாடாளுமன்றத் தேர்தல் முடிந்ததும் மூலூஸ் நகரின் சோசலிஸ்ட் மேயர் ழான்-மரி பொக்கெலும், பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஃபதேலா அமாராவும் சேர்க்கப்பட்டார்கள்.

இதனால் என்ன கிடைத்தது? எதிர்க்கட்சிக்குள் யார் யாரை நம்புவது என்ற குழப்பம் வந்தது. ‘நான் எல்லோருக்கும் அதிபர்’ என்ற தோற்றம் சார்கோசிக்குக் கிடைத்தது. ஆனால் வாக்கு எண்ணிக்கையில் பெரிய அதிசயம் நடக்கவில்லை. 577 இடங்களில் அவர் கட்சி 313 பிடித்துப் பெரும்பான்மை பெற்றது உண்மை. அது 2002-இல் பிடித்ததைவிடக் குறைவு, சோசலிஸ்டுகளோ இடங்களைக் கூட்டிக்கொண்டார்கள். பல வருடம் கொடி பிடித்து உழைத்த சொந்தக் கட்சிக்காரர்களின் மனத்தாங்கல் தனியாக வளர்ந்தது. 2010 மார்ச் மாநிலத் தேர்தல்களில் படுதோல்வி கண்டபின் அந்த முணுமுணுப்பு வெளிப்படையானது. அதே வருடம் நவம்பரில் குஷ்னேர், பொக்கெல், அமாரா மூவரும் வெளியேற, பெஸ்ஸோன் மட்டும் தங்கினார்.

உத்தியாக இது முழுதாகப் பலித்தது 2017-இல் என்பேன். அந்த ஆண்டு அதிபரான நடுநிலைவாதி எமானுவேல் மக்ரோன் தன் முதல் பிரதமராக வலதுசாரிக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எதுவார் பிலிப்பை நியமித்தார். புரூனோ ல மேருக்குப் பொருளாதாரமும் ஜெரால்ட் தர்மனேனுக்கு வரவு செலவும் போயின. ஒத்துழைப்பதா எதிர்ப்பதா என்று குடியரசுக் கட்சி பிளந்து நின்றபோதே ஜூன் தேர்தல் வந்தது. மக்ரோனின் புதிய கட்சி 308 இடங்களைப் பிடித்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘திறப்பு’ என்று நேராகப் போட்டால் பொருள் வராது. நமக்கு அது பாலத் திறப்பு, சிலைத் திறப்பு. இலங்கைத் தமிழில் சாவிக்கே திறப்பு என்றுதான் பெயர். அதைவிட முக்கியமான குறை, திறப்பு என்பது வென்றவர் தன் செயலுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். தோற்றவர்கள் இதை தெபோஷாழ் என்பார்கள். ஒரு பட்டறையின் வேலையாளை இன்னொரு பட்டறை ஆசைகாட்டி இழுப்பதற்கான சொல் அது. இரண்டில் எதை எடுத்தாலும் எழுதுபவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

‘கட்சித் தாவல்’ என்பதும் பொருந்தாது. அது தாவியவரைப் பற்றிய சொல். இங்கே முதல் அடி வைப்பவர் அழைத்தவர். ‘தேசிய அரசு’ என்றால் கட்சிகள் சேர்ந்து ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

பழைய தமிழ் இந்தச் செயலை நன்றாகவே அறியும். ‘பிரித்தலும் பேணிக் கொளலும் பிரிந்தார்ப் பொருத்தலும் வல்ல தமைச்சு’ என்கிறது குறள். பகைவருக்குத் துணையாக இருப்பவரைப் பிரிப்பதை அமைச்சின் திறமைகளில் முதலாவதாக வைக்கிறார் வள்ளுவர், அதுவும் பழிச்சொல் இல்லாமல். சாம, பேத, தான, தண்டத்தில் பேதம் என்பதும் இதுவே. ஆனால் பேதம் என்ற சொல் இன்று வேற்றுமை என்ற பொருளில் நிலைத்துவிட்டதால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

என் பரிந்துரை மாற்றணி அழைப்பு. ‘மாற்றுக் கட்சியினர்’ என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழக்கிய சொல்லுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. முதல் அடி யாருடையது என்பதையும் காட்டும், புகழ்ச்சியோ வசையோ ஏறாது. அப்படி வந்தவரை மாற்றணி அமைச்சர் எனலாம். எதிர்ப்பாளரின் குற்றச்சாட்டைச் சொல்லும் இடத்தில் தெபோஷாழுக்கு ஆள் பிரிப்பு என்றே எழுதலாம், குறளின் ஆதரவும் இருக்கிறது.

எங்கே எதைப் போடுவது என்பதற்கு ஒரே கேள்வி போதும்: வந்தவரின் கட்சி ஒப்புக்கொண்டதா? 2024 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் ரஷிதா தாத்தி கலாசார அமைச்சரானதும், அவர் இனி எங்கள் ஆள் இல்லை என்று கட்சித் தலைவர் அறிவித்தார். அது மாற்றணி அழைப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் அக்கட்சியின் மிஷேல் பார்னியே பிரதமரானபோது குடியரசுக் கட்சி முடிவெடுத்து அரசில் சேர்ந்தது. அதைக் கூட்டணி என்று எழுதுவதே சரி.