இங்கிலாந்தில் வாடகை வீட்டு டெபாசிட்: கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

வீட்டைக் காலி செய்து பத்து நாள் இருக்கும். ஏஜென்ட்டிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் கொடுத்திருந்த 1,500 பவுண்டு டெபாசிட்டில் 625 பவுண்டு பிடித்தம் என்று போட்டிருந்தது. ஓவனைச் சுத்தம் செய்ய 85, சுவரில் இருந்த கறைகளுக்கு 200, கார்ப்பெட்டுக்கு 300, ஜன்னல் பிளைண்டுக்கு 40. கீழே ஒரே வரி: "மீதித் தொகையை அனுப்ப உங்கள் சம்மதம் தேவை."

பிளைண்டை உடைத்தது நான்தான். கயிறு சிக்கிக்கொண்டபோது வேகமாக இழுத்துவிட்டேன். மற்ற மூன்றுக்கும் நான் பொறுப்பில்லை. ஆனாலும் சம்மதம் என்று பதில் எழுதப் போய்விட்டேன். ஊரில் வீடு காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள், நாமும் பேசாமல் வந்துவிடுவோம். அதே பழக்கம். "வந்த இடத்தில் வம்பு எதற்கு" என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். நல்லவேளை, அன்றிரவு ஒப்பந்தக் காகிதங்களைப் புரட்டியபோது டெபாசிட் பாதுகாப்புச் சான்றிதழ் கண்ணில் பட்டது.

அந்தச் சான்றிதழின் பின்னால் இருப்பது 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். அதன்படி டெபாசிட் பாதுகாப்பு முறை 2007 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. டெபாசிட் வீட்டுக்காரர் கைக்குப் போனாலும் அது வாடகைதாரரின் பணம். அதில் ஒரு பவுண்டு எடுக்க வேண்டுமென்றாலும் ஏன் எடுக்கிறார் என்று காட்டவேண்டியது வீட்டுக்காரரின் வேலை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

எவ்வளவு கேட்கலாம்?

2019 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டம் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது. 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு வாரம்.

ஒரு மாதத்தை நான்கு வாரம் என்று கணக்குப் போடாதீர்கள். மாத வாடகையை 12-ஆல் பெருக்கி, 52-ஆல் வகுத்தால் வார வாடகை வரும். மாதம் 1,300 பவுண்டு என்றால் வாரத்துக்கு 300, ஐந்து வாரத்துக்கு 1,500. அந்த வீட்டுக்கு 1,501 பவுண்டு வாங்கினாலும் சட்டப்படி தவறு.

வீட்டைப் பிடித்து வைக்க முன்பணம் வாங்குவார்களே, அது ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாடகை ஒப்பந்தம் முடிய வேண்டும். வீட்டுக்காரர் மனம் மாறி வீட்டைத் தர மறுத்தால் அந்தப் பணத்தை 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நீங்களே வேண்டாம் என்று விலகினாலோ தவறான தகவல் கொடுத்திருந்தாலோ அவர் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் எழுத, பின்புலம் விசாரிக்க, பொருள் பட்டியல் தயாரிக்க, காலி செய்யும்போது சுத்தம் செய்ய என்று தனித்தனியாக வாங்கிவந்த கட்டணங்கள் எல்லாம் அதே சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. "காலி செய்யும்போது தொழில்முறைச் சுத்தத்துக்கு 250 பவுண்டு தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. வந்தபோது வீடு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். நீங்களே துடைத்தீர்களா, ஆள் வைத்துத் துடைத்தீர்களா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

30 நாள்

பணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வீட்டுக்காரர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் டெபாசிட்டைப் பதிவுசெய்ய வேண்டும். அப்புறம், எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எந்தக் காரணத்துக்குப் பிடித்தம் செய்யலாம், தகராறு வந்தால் என்ன வழி என்பதையெல்லாம் எழுத்தில் உங்களுக்குத் தர வேண்டும். முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதுவும் சட்டமீறல்தான். உங்களுக்காக மாமாவோ அண்ணனோ டெபாசிட் கட்டியிருந்தால் அவருக்கும் அந்தத் தகவல் போய்ச்சேர வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட திட்டங்கள் இங்கிலாந்தில் மூன்றே மூன்று: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மை டெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். ஒவ்வொன்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பணத்தைத் திட்டமே வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றதில் பணம் வீட்டுக்காரரிடமோ ஏஜென்ட்டிடமோ இருக்கும், திட்டம் அதற்குக் காப்பீடு கொடுக்கும். காப்பீட்டு வகை என்றால் வீட்டைவிட்டு வெளியேறிய 3 மாதத்துக்குள் தகராறைத் திட்டத்திடம் எழுப்பிவிட வேண்டும். அதனால் உங்கள் டெபாசிட் எந்த வகையில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழே வரவில்லையா? மூன்று இணையதளத்திலும் போஸ்ட்கோடு, குடும்பப் பெயர், ஒப்பந்தம் தொடங்கிய தேதி, தொகை ஆகியவற்றைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்பதில் ஏஜென்ட்டுகளுக்கு அடிக்கடி குழப்பம் வரும். அப்பா பெயர், சொந்தப் பெயர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடிவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

பதிவு செய்யவே இல்லை என்று உறுதியானால் 2004 வீட்டுவசதிச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், டெபாசிட்டைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை வீட்டுக்காரர் உங்களுக்குத் தரும்படி நீதிபதி உத்தரவிட வேண்டும். அது டெபாசிட் போக, தனியாக வரும் தொகை. 1,500 பவுண்டு டெபாசிட் என்றால் 1,500 முதல் 4,500 வரை. எத்தனை மடங்கு என்பது மட்டும்தான் நீதிபதியின் முடிவு. தெரியாமல் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்பதை வைத்து அது கூடும், குறையும். 30 நாளைத் தாண்டி தாமதமாகப் பதிவு செய்திருந்தாலும் இந்தத் தண்டனை உண்டு. வீட்டைக் காலி செய்த பிறகும் கேட்கலாம், அதற்கு 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பல பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாரும் சேர்ந்தே வழக்குப் போடுவதுதான் சரி.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் எழுத வேண்டும். டெபாசிட் கொடுத்த தேதி, தொகை, பதிவு ஆகவில்லை என்ற விவரம், பதிலுக்கு 14 நாள் அவகாசம், இல்லையென்றால் 214-ஆம் பிரிவின்படி வழக்கு என்று சுருக்கமாக எழுதினால் போதும். மூன்று மடங்கு என்ற கணக்கைப் பார்த்ததும் கடிதத்தோடு முடிந்த விவகாரங்கள் பல எனக்குத் தெரியும். கடிதத்தைச் சரிபார்க்க ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு நிறுவனங்கள் இலவசமாக உதவும். வருமானம் குறைவென்றால் நீதிமன்றக் கட்டணத்திலும் சலுகை கேட்கலாம்.

இதில் வெளியேற்றத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21-ஆம் பிரிவு நோட்டீஸை 2026 மே 1 முதல் நீக்குகிறது. வீட்டுக்காரர் காரணம் காட்டித்தான் நீதிமன்றம் போக முடியும். அப்போதும் டெபாசிட் விதிகளை அவர் மீறியிருந்தால், அதைச் சரிசெய்யாதவரை வீட்டைத் திரும்பக் கேட்டு உத்தரவு வாங்குவது கடினம். சமூக விரோத நடத்தை போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

பிடித்தம் நியாயமா?

என் கதைக்கு வருகிறேன். 40 பவுண்டு பிளைண்டுக்குச் சரி, மற்றவற்றுக்குச் சம்மதமில்லை என்று ஏஜென்ட்டுக்கு எழுதினேன். தகராறில்லாத தொகை முதலில் கைக்கு வந்துவிட்டது. மீதியைத் திட்டத்தின் நடுவரிடம் கொண்டுபோனேன். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். யாராவது ஒருவர் மறுத்தால் நீதிமன்றம்தான் வழி. நடுவர் நம்மைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார், வீட்டையும் வந்து பார்க்க மாட்டார். இருவரும் அனுப்பும் காகிதங்களையும் படங்களையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னதுதான் முடிவு.

அதனால் சாட்சியம்தான் எல்லாம். குடிபோன அன்றே, பெட்டி பிரிக்கும் முன்பு, கைபேசியில் ஒரு சுற்று வீடியோ எடுத்திருந்தேன். ஓவன் கதவைத் திறந்து உள்ளே வெளிச்சம் காட்டி எடுத்த பத்து நொடியில் அடித்தட்டில் கருகிய எண்ணெய்ப் படலம் தெளிவாகத் தெரிந்தது. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போனது. அதே நாள் அந்த வீடியோவை ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் தேதியில் சந்தேகமே எழவில்லை. ஓவனுக்குக் கேட்ட 85 பவுண்டு அங்கேயே தள்ளுபடி ஆனது.

சுவருக்குக் கேட்ட 200 தள்ளுபடி ஆன காரணம் வேறு. நான் வந்தபோது சுவர் எப்படி இருந்தது என்று காட்ட ஏஜென்ட்டிடம் ஒரு காகிதமும் இல்லை. குடிவரும்போது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பட்டியல் இல்லையென்றால், சேதம் நம்மால்தான் வந்தது என்று வீட்டுக்காரரால் நிரூபிக்க முடிவது அரிது. பட்டியல் கொடுத்தால் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு அறையாக நின்று படித்து, விட்டுப்போன கீறலை நீங்களே எழுதிச் சேர்த்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ப்பெட் விஷயம்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நியாயமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பணம் தர வேண்டியதில்லை. சோபாவின் கால் பதிந்த இடம், நடந்து நடந்து மங்கிய வாசல்பக்கம், வெயிலில் வெளுத்த திரை எல்லாம் தேய்மானம். இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம், கொட்டிய மஞ்சள் கறை என்றால் சேதம். அதற்கும் புதுப்பொருளின் விலையைக் கேட்க முடியாது. 800 பவுண்டுக்கு வாங்கிய கார்ப்பெட் 8 ஆண்டு உழைக்கக்கூடியது, போட்டு 6 ஆண்டு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் ஆயுள் 2 ஆண்டு. முழுக் கார்ப்பெட்டும் உங்களால் பாழாகியிருந்தால்கூட 200 பவுண்டுதான் நியாயம். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் லாபம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. என் விஷயத்தில் கார்ப்பெட்டின் வயதைக் காட்ட ரசீதே அனுப்பவில்லை. கடைசியில் நான் கொடுத்தது பிளைண்டுக்கான 40 மட்டும்.

ஒரு எச்சரிக்கை. "எப்படியும் டெபாசிட்டைத் தரமாட்டார், கடைசி மாத வாடகையைக் கட்டாதே" என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அது வாடகை பாக்கியாகத்தான் கணக்காகும், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் கெடும்.

உள்வாடகை அறைகளில் இருப்பவர்கள்

படிக்க வரும் நம் பிள்ளைகள் பாதிப்பேர் இப்படித்தான் தங்குகிறார்கள். தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை. டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுத்திருப்பார்கள், ரசீது இருக்காது. கேட்டால் "நமக்குள் என்ன தம்பி காகிதம்" என்பார்கள். வாடகை வாங்குகிறவரும் அதே வீட்டில் குடியிருந்தால் நீங்கள் சட்டப்படி லாட்ஜர். மேலே சொன்ன டெபாசிட் பாதுகாப்புத் திட்டமும் மூன்று மடங்குத் தண்டனையும் உங்களுக்குப் பொருந்தாது. ஐந்து வார உச்சவரம்பும் கட்டணத் தடையும் பொருந்தும். டெபாசிட்டைத் தர மறுத்தால் சிறு தொகை வழக்கு வழியில், இணையம் மூலமாகவே, 10,000 பவுண்டு வரை கேட்கலாம்.

ஆனால் கொடுத்ததற்குச் சாட்சி வேண்டுமே. அதனால் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் டெபாசிட் என்று போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தே தீர வேண்டுமென்றால் அன்றே வாட்ஸ்அப்பில் "அண்ணா, இன்று டெபாசிட் 500 பவுண்டு கொடுத்தேன், சரிதானே?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் "சரி" என்று போட்டால் அதுவே ரசீது. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது இங்கிலாந்துக்கு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய இடங்களிலும் டெபாசிட் பாதுகாப்பு கட்டாயம்தான், ஆனால் சட்டம் தனித்தனி. ஸ்காட்லாந்தில் அவகாசம் 30 வேலைநாள், இரண்டு மாத வாடகை வரை டெபாசிட் வாங்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருப்பவர் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருப்பவரின் கடிதத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் சட்டப் பிரிவே தவறாகிவிடும். எழுதும் முன் உங்கள் பகுதிச் சட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.