பெட்டியைப் பிரிக்கப்போவது நீங்கள்தான்

2023 ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு பிரான்சிலிருந்து ஒரு வீடியோ கால் வந்தது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போயிருந்த என் சைக்கிள் கடை வாடிக்கையாளர், அது தொடங்கும் ரம்பூயே ஊரில் விடுதி அறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சைக்கிள் தலைகீழாக நின்றது. "அண்ணே, பின்னாடி பெரிய பல்லுக்குப் போட்டா ஆர்.டி. சக்கரக் கம்பியில உரசுது. கேபிளை இழுத்துப் பாத்தேன், லூஸ் பண்ணியும் பாத்தேன். ஒண்ணும் சரியாகல."

போனைச் சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நேராகக் காட்டச் சொன்னேன். ஆர்.டி. என்பது பின்சக்கரத்தில் செயினை நகர்த்தி கியர் மாற்றும் ரியர் டிரெய்லர். அதன் இரண்டு சின்னப் பல்சக்கரங்களும் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்று நிற்காமல் உள்பக்கம் சாய்ந்திருந்தன. கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. ஹேங்கர் வளைந்திருந்தது.

அந்தச் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகப் பெட்டியில் கட்டி அனுப்பியவன் நான்தான். ஆர்.டி.யைக் கழற்றாமல், மேலே நுரை சுற்றினால் போதும் என்று விட்டிருந்தேன். மறுநாள் அங்கே ஒரு கடையில் நிமிர்த்தி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பிவிட்டார். ஆனால் 90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர் ஓட்டவேண்டிய மனிதர், அதற்கு முந்தைய இரண்டு நாள் தூங்கியிருக்க வேண்டும். அந்தத் தூக்கத்தை நான் கெடுத்தேன். அதே வருடம் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை, அதாவது நேர வரம்புள்ள தகுதி ஓட்டங்களை, முடித்தால்தான் அந்த ஓட்டத்தில் இடம் கிடைக்கும். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் அது வரும், அடுத்தது 2027-இல். அத்தனை உழைப்பும் சில கிராம் எடையுள்ள ஓர் அலுமினியத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹேங்கர் என்பது ஆர்.டி.யைச் சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேம்) இணைக்கும் சின்னத் தகடு. விழுந்தால் சட்டம் உடையாமல் தான் வளையட்டும் என்றே அதை மென்மையாகச் செய்கிறார்கள். அதனால் பெட்டியில் பக்கவாட்டில் ஒரு அழுத்தம் விழுந்தாலே வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் கியர் தடுமாறும். இன்னும் கொஞ்சம் வளைந்தால், ஏற்றத்தில் லேசான கியர் போடும் நேரத்தில் ஆர்.டி. கம்பிகளுக்குள் போய்விடும். கம்பி, ஆர்.டி., சில நேரம் சட்டம் எல்லாம் அதோடு போகும். ஒரு சைக்கிளின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. வெளியூரில் கடை கடையாக ஏறினாலும் உங்களுடையது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை இப்போதே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

அன்று முதல் என் கடையில் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஆர்.டி.யைக் கழற்றாமல் எந்தப் பெட்டியையும் மூடுவதில்லை. ஆலன் கீயால் ஒரே ஒரு போல்ட், செயினை வெட்டவே வேண்டாம். கழற்றியதைத் துணியில் சுற்றி, சட்டத்தின் பின்முக்கோணத்துக்குள் கேபிள் டையால் கட்டிவிடுவேன். இரண்டாவது பழக்கம் பல பேருக்குப் பிடிப்பதில்லை. உரிமையாளர் பக்கத்தில் உட்காராமல் நான் கட்டித் தருவதில்லை. நான் ஒருமுறை கட்டிக் காட்டுவேன், அவர் பிரித்து மாட்ட வேண்டும், பிறகு அவரே கட்ட வேண்டும். "நேரமில்ல அண்ணே, நீங்களே முடிச்சு வெச்சிருங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்பார்கள். இந்த மூன்று மணி நேரம் இங்கே இல்லையென்றால், நடு ராத்திரியில் ஏதோ ஒரு ஊரில் இதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். அப்போது பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

முதலில் தடுமாறுவது பெடலில்தான். இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்பி, தப்பான பக்கம் பலம் கொடுத்து மரையைக் கெடுத்துக்கொள்வார்கள். ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் இப்படித்தான் கழலும். மாட்டும்போது முதல் நாலு சுற்றை விரலால் மட்டும் சுற்றுங்கள். விரலுக்குச் சுற்றவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம்.

ஹேண்டில்பாரைக் கழற்ற, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையே உருவுகிறார்கள் சிலர். உருவினால் ஃபோர்க் கழுத்திலிருந்து நழுவும், பேரிங் வளையங்கள் வரிசை மாறும். முடிந்தவரை முன்னால் இருக்கும் நாலு போல்ட்டை மட்டும் எடுத்து பாரை இறக்குங்கள். எடுக்கும் முன் பாரும் ஸ்டெம்மும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு, சீட் போஸ்ட் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். அங்கே போய் மாட்டும்போது அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. நீண்ட தூரம் ஓட்டுபவரின் முழங்காலுக்கு அந்த மில்லிமீட்டர் தெரியும். கார்பன் பார் என்றால் கைப்பழக்கத்தை நம்ப வேண்டாம், அளவோடு இறுக்கும் சின்ன டார்க் கீ ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். ஸ்டெம் போல்ட்டுக்கு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும்.

டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தை எடுத்ததுமே பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் லீவர் அழுந்தி பிஸ்டன்கள் நெருங்கிவிடும், பிறகு ரோட்டர் (சக்கரத்தில் இருக்கும் பிரேக் தட்டு) உள்ளே போகாது. ரோட்டரையும் கழற்றித் தனியே இரண்டு அட்டைக்கு நடுவில் வைப்பதுதான் நல்லது. ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தாங்குதுண்டு வேண்டும். புதுச் சைக்கிள் பெட்டிகளில் வருவதை நாங்கள் எடுத்து வைத்திருப்போம், எந்தக் கடையிலும் கேட்டால் தருவார்கள். சட்டத்துக்குச் சுற்ற ஏ.சி. பைப்புக்குப் போடும் கருப்பு நுரைக் குழாயைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. நீளவாக்கில் கீறலோடு வரும், குழாய்மேல் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும்.

விலை உயர்ந்த ஹார்ட் கேஸ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது காலியாகவே பத்துப் பன்னிரண்டு கிலோ. விமானத்தில் அனுமதிக்கும் எடை 23 கிலோ என்றால் சைக்கிளுக்கே இடம் மட்டுமட்டாகிவிடும். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் விமானம் ஏறுபவர் அதை எங்கே வைப்பார்? அவருக்கு அட்டைப்பெட்டிதான் சரி. கிளம்பும் ஊரில் ஒரு சைக்கிள் கடைக்கு முன்கூட்டியே எழுதினால் பெட்டி எடுத்துவைப்பார்கள். அட்டை மழையில் ஊறும் என்பதால் அடிப்பக்கத்தையும் கைப்பிடி ஓட்டைகளையும் டேப்பால் உறுதியாக்குங்கள்.

பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் திறக்கக்கூடும். திறந்தவர் திரும்ப எப்படி வைப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் ஒரு துண்டும் தனியாக உருளக்கூடாது, எல்லாம் சட்டத்தோடு கட்டியிருக்க வேண்டும். நாங்கள் மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, மூடியின் உள்பக்கம் ஒட்டுகிறோம்.

டயரில் காற்றை முழுக்க இறக்க வேண்டுமா? சரக்கு அறையிலும் பயணிகள் பகுதியில் இருக்கும் அதே அழுத்தம்தான். தரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நாலு பி.எஸ்.ஐ.கூட வராது, டயர் வெடிக்காது. ஆனாலும் கவுன்டரில் கேட்பார்கள். அதனால் பாதி இறக்கிவிடுங்கள், ரிம்முக்கு மெத்தையாக மீதி இருக்கட்டும். டயரில் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதோடு மல்லுக்கட்டாமல் போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பவர் பேங்க், கழற்றி வைத்த கியர் பேட்டரி எல்லாம் கையோடு கேபினுக்குள் வரவேண்டும், பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி தேவையில்லை, 160 வரை அனுமதி கேட்க வேண்டும். சாதாரண மின்சைக்கிள் பேட்டரி அதற்கெல்லாம் மேலே. பயணிகள் விமானத்தில் அது போகாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயரையும் பெடலையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், படிவத்தில் சைக்கிள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் நிறுத்திவைப்பார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன்பே சைக்கிளுக்கான விதியை விசாரியுங்கள். சில நிறுவனங்கள் எடைக்குள் இருந்தால் சாதாரண பெட்டியாக ஏற்கின்றன, சில தனிக் கட்டணம் கேட்கின்றன. இரண்டு நிறுவனங்களில் மாறிப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்குங்கள். கிளம்பும்போது விமான நிலைய சுங்கத்தில் சைக்கிள் சட்டத்தில் பொறித்த எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கினால், திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். பெடல் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்துக்கு அடியில்தான் பெரும்பாலும் அந்த எண் இருக்கும்.

இறங்கியதும் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். ஓட்டை, நசுங்கல் எது தெரிந்தாலும் அங்கேயே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் அறிக்கை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்சம் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அதைவிட விலையுள்ள சைக்கிளுக்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.

விடுதி அறையில் பிரிக்கும்போது தாங்குதுண்டு, பேட் துண்டு, நுரை, கேபிள் டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். குப்பை என்று வீசிவிட்டுத் திரும்பும் நாளில் தேடியவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்ததும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எந்தக் கடையிலாவது ஹேங்கரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.