ஊரடங்கில் நின்ற பிரவுன் சுகரும் மூச்சு நிற்கும் ஆபத்தும்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது மும்பையின் லோக்கல் ரயில்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. தமிழர்கள் நிறைய வாழும் தாராவியிலும் சீட்டா கேம்ப்பிலும் நம் ஆட்களின் பேச்செல்லாம் கூலி, ரேஷன், ஊருக்குப் போகும் வழி என்றே இருந்தது. பிரவுன் சுகர் என்ற போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்தது. மூலைக்கு மூலை போலீஸ் நிற்கும் ஊரில் சரக்கு தேடிப் போவது பெரும் திண்டாட்டம்.

‘நல்லதுதானே, இதோடு பழக்கம் விட்டுப்போகும்’ என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. உடலின் கணக்கு வேறு.

கலப்படம் மிகுந்த மலிவான ஹெராயின்தான் பிரவுன் சுகர். இதுபோன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகைப் பொருட்கள், மூளை நரம்புகளில் ‘மியூ’ என்ற ஏற்பிகளில் (பூட்டில் சாவி போல வேதிப்பொருள் பொருந்தும் இடங்களில்) ஒட்டிக்கொள்கின்றன. உடலை விழிப்போடும் பரபரப்போடும் வைத்திருக்கும் நார்அட்ரினலினைச் சுரக்கும் செல்களை அடக்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் செல்கள், அதை ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கப் பழகிவிடும். சரக்கு திடீரென்று நின்றால் அந்தக் கூடுதல் உழைப்பு கட்டவிழ்ந்துவிடுகிறது. 8 முதல் 12 மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும், வயிற்றால் போகும், உடம்பு சிலிர்த்து நடுங்கும். மும்பைத் தெருக்களில் இதற்கு ‘டர்க்கி’ என்று பெயர். இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம்போல் ஆட்டிவைத்துவிட்டு அடங்கும்.

இதையெல்லாம் கொரோனா அறிகுறிகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், போர்வைக்குள் நடுங்கும் மகனைப் பார்க்கும் அம்மா தொற்று என்றுதான் பயப்படுவார். அடுத்தடுத்து வரும் கொட்டாவி, விரிந்த கண்மணி, குத்திட்டு நிற்கும் ரோமம் ஆகியவை டர்க்கியைக் காட்டும். கடும் காய்ச்சலும் வாசனை தெரியாமல் போவதும் தொற்றைக் காட்டும். இரண்டும் சேர்ந்தே வரலாம். அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

டர்க்கி ஆளை வாட்டி எடுக்கும், ஆனால் அதனால் சாவது அரிது. அதற்குப் பிறகு வருவதுதான் உயிரை எடுக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் ‘மூச்சு விடு’ என்று மூளைத்தண்டு கட்டளையிடும். ஓபியாய்டு அந்தக் கட்டளையை மந்தமாக்குகிறது. தினமும் எடுப்பவரின் ஏற்பிகள் மரத்துப்போயிருப்பதால் பெரிய அளவையும் அவர் தாங்குவார். சில நாட்கள் விட்டால் இந்தத் தாங்குதிறன் இறங்கத் தொடங்கிவிடும். ஆசை மட்டும் பழைய அளவையே கேட்கும். மீண்டும் சரக்கு கிடைக்கும் நாளில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். கொரோனாவாலோ, பிரவுன் சுகரை ஃபாயில் தாளில் சூடாக்கி இழுக்கும் புகையாலோ நுரையீரல் நொந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

சிறையிலிருந்து வெளிவருபவர்களிடம் இதைத் தெளிவாகக் காணலாம். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்கள் முதல் இரண்டு வாரங்களில் போதை மிகையால் (ஓவர்டோஸ்) இறக்கும் ஆபத்து, மற்றவர்களைவிட 129 மடங்கு என்று 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. 2020 மார்ச் 23 அன்று, சிறை நெரிசலைக் குறைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொற்றைத் தடுக்க அது அவசியமான முடிவு. வெளியே வந்தவர்களில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சிகிச்சையின் மையம் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை. இதுவும் ஓபியாய்டுதான், ஆனால் ஏற்பியைப் பாதி அளவுக்கே இயக்கும். ரெகுலேட்டரை எவ்வளவு திருகினாலும் மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டாதது போல, மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்குவது ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்வதால் டர்க்கி வராது, மேலே ஹெராயின் எடுத்தாலும் பெரிதாக ஏறாது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே இதைக் கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டுக் கடும் டர்க்கியைக் கிளப்பிவிடும். அதனால் டர்க்கி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு வரம்பு உடைந்துபோகும். சரக்கு கிடைக்காத நாட்களில் பலரும் கைவைப்பது இந்த இரண்டில்தான்.

மாத்திரையை நாக்கின் அடியில் கரைக்க வேண்டும். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால் சிகிச்சை மையத்தில் தினமும் பொடித்த மாத்திரையை வாயில் போட்டு, கரையும்வரை உட்கார வைத்து, ‘வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க’ என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். பெருந்தொற்றில் முகக்கவசத்தைக் கழற்றி அடுத்தவர் முன் வாயைத் திறப்பதைவிட ஆபத்தான வேலை என்ன இருக்கிறது? பஸ், ரயில் இல்லாமல் தினமும் வருவதுதான் எப்படி? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ, சில நாட்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்ப வழிவிட்டது. அமெரிக்காவில் 2020 மார்ச்சிலிருந்து, நிலையாகச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 28 நாள் வரை மெத்தடோனை (இதே சிகிச்சைக்கான இன்னொரு ஓபியாய்டு மருந்து) வீட்டுக்குத் தரலாம் என்றார்கள். 2024இல் அந்தத் தளர்வையே நிரந்தர விதியாக்கினார்கள்.

தொற்று உறுதியாகி வார்டில் சேர்க்கப்படும்போதும் இந்த மாத்திரை நிற்கவே கூடாது. மூன்றாம் நாள் வார்டிலிருந்து ஓடுகிறவரைத் திமிர் பிடித்தவர் என்கிறார்கள். அவரை விரட்டுவது டர்க்கி. மாத்திரை கையில் கொடுத்தால் படுக்கையில் இருப்பார், மற்றவர்களுக்கும் தொற்று பரவாது.

இந்தியாவில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் என்று எய்ம்ஸ் நடத்திய, 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இவர்களுக்குப் புது ஊசி கிடைப்பது நின்றால் பழையது கைமாறும். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஃபாயில் புகையை இழுக்கும் குழலைப் பகிர்ந்தால் எச்சில் வழியாகக் கொரோனாவும் போகும். ஊசி, குழல், பீடி எதையும் பகிரக் கூடாது.

தனிமைப்படுத்தல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது: தனியாக எடுப்பவருக்கு மூச்சு நின்றால் பார்க்க ஆள் இல்லை. 2021 ஏப்ரலோடு முடிந்த 12 மாதங்களில் அமெரிக்காவில் போதை மிகைச் சாவுகள் முதல்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டின. ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு முக்கியக் காரணம். தனிமையும் சிகிச்சைத் தடங்கலும் அதோடு சேர்ந்துகொண்டன.

வீட்டில் ஒருவர் எழுப்பியும் எழாமல், குறட்டை போன்ற சத்தத்தோடு மெதுவாக மூச்சுவிட்டால், உதடு நீலமாகி கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றிருந்தால், செயற்கை மூச்சு கொடுக்கத் தெரிந்தவர்கள் அதைக் கொடுக்க வேண்டும். நலாக்சோன் ஊசி ஏற்பியிலிருந்து ஓபியாய்டை உதறித் தள்ளி, சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உடம்பில் மிச்சமிருக்கும் சரக்கு மறுபடி ஏற்பியில் போய் உட்காரலாம். எழுந்து உட்கார்ந்து ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது, குடும்பத்தாரும் அழைக்கலாம்.