எக்ஸ்ரே ‘நார்மல்’, தோள்வலி மட்டும் குறையவில்லை

தோள்வலியோடு வருபவர்களில் பலர் எக்ஸ்ரே உறையை மேசைமேல் வைத்து, “எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் டாக்டர், ஆனால் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை” என்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்பும் கால்சியமும் வெண்மையாகப் பதியும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அவ்வாறு தனித்துத் தெரியாது. அதன் தொடக்கநிலைக் கிழிசலைக் காண அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோதான் வேண்டும்.

இருந்தும் எக்ஸ்ரேயை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், தசைநாணின் நிலையை அதைச் சுற்றியுள்ள எலும்பு பல வேளைகளில் சொல்லிவிடும் என்பதே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும், அதன்மேல் கூரைபோல் நீண்டிருக்கும் தோள் எலும்பின் நுனிக்கும் நடுவே பொதுவாக 7 முதல் 14 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதன் வழியாகச் செல்லும் தசைநாண் பெரிதாகக் கிழிந்து நாள்பட்டுவிட்டால், பிடிப்பை இழந்த எலும்புத் தலை மேலேறி இடைவெளி சுருங்கிவிடும்.

கொடியில் துணி காயப்போடக் கை எழாமல் வந்த ஓர் அம்மா, ஒரு வருடத்துக்கு முந்தைய படத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டி அளந்தேன்: பழையதில் 8 மில்லிமீட்டர், புதியதில் 5. பழைய படத்திலேயே, தசைநாண் வந்து ஒட்டும் எலும்பு மேடு வழவழப்பை இழந்து, உள்ளே சிறு குழிகளோடு காணப்பட்டது. ஆனால் அறிக்கையில் ‘எலும்பு முறிவு இல்லை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அன்றே ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தசைநாணில் கால்சியம் படியும் நோயை எக்ஸ்ரே நேரடியாகவே காட்டிவிடும். அந்தப் படிவு விளிம்பு தெளிந்து கெட்டியாகத் தெரியும்போது வலி குறைவாகவும், மேகம்போல் மங்கிக் கரையத் தொடங்கும்போது தாங்க முடியாததாகவும் இருப்பது நோயாளிகளைக் குழப்புகிறது; படிவு கரைகிறது என்பது உண்மையில் நல்ல செய்தி. மூட்டுத் தேய்மானத்தில், எலும்புத் தலையின் கீழ் விளிம்பில் சிறு முள் முளைப்பதை ஆரம்பத்திலேயே காணலாம்.

இவையெல்லாம் படம் எடுக்கும் விதத்தைப் பொறுத்தவை. நேராக நிறுத்தி எடுத்த ஒரே படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூட்டின் இடைவெளியை மறைத்துவிடும். உடலைச் சற்றுத் திருப்பி எடுக்கும் படமும், அக்குள் வழியாக எடுக்கும் படமும் சேர்ந்தால்தான் அது திறந்து தெரியும். எந்த அசைவில் வலிக்கிறது, கை எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதை மருத்துவர் பரிந்துரைச் சீட்டில் எழுதி அனுப்பினால், படத்தில் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அதைப் பார்த்து அறிக்கை எழுதும் எங்களுக்குப் புரியும்.