அழகான முதல் படம் ஏன் கடைசியாக வருகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கைத்தறிப் போர்வைகளை ஆன்லைனில் விற்க வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் தளம் ஒன்று ஆரம்பித்தோம். தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த டெம்ப்ளேட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். விற்பவர் காட்டும் டெமோவில் பறக்கிறது. எங்கள் தளத்திலோ, மேலே இருக்கும் பெரிய பேனர் படம் மொபைலில் வந்து சேர்வதற்குள் ஆட்கள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். படத்தை எவ்வளவோ சுருக்கிப் பார்த்துவிட்டோம். டெம்ப்ளேட்டை மாற்றுவதா, ஹோஸ்டிங்கை மாற்றுவதா?"

எதையும் மாற்றும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். படம் எவ்வளவு கனம் என்பது ஒரு கேள்வி. அந்தப் படம் வேண்டும் என்று பிரவுசர் எந்த நொடியில் கேட்கிறது என்பது வேறு கேள்வி. பெரும்பாலான அலங்கார டெம்ப்ளேட்டுகள் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

ஆயத்தக் கடை டெம்ப்ளேட்டுகள் விற்கும் சந்தைகளில் பெரியது தீம்ஃபாரஸ்ட். 2008 முதல் நடக்கிறது. அங்கே போகிறவர் பார்ப்பது டெமோவை. படங்கள் மாறி மாறி நகரும் ஸ்லைடர், மிதந்து வரும் விலைப்பட்டை, தொட்டால் திரும்பும் பொருள்படம். உள்ளே இருக்கும் பிஎச்பி நிரலைக் காசு கொடுத்த பிறகுதான் பார்க்க முடியும். பார்த்தாலும் கடைக்காரருக்குப் புரியப்போவதில்லை. ஆக, விற்பவருக்கு அழகைக் கூட்டத்தான் காரணம் இருக்கிறது, நிரலைச் சீராக்க இல்லை. டெமோ வேகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அதை ஃபைபர் இணைப்புள்ள கம்ப்யூட்டரில், திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறோம். இரண்டாம் முறையிலிருந்து பாதிக் கோப்புகள் பிரவுசரின் சேமிப்பிலிருந்தே வந்துவிடும்.

சரி, பிரவுசர் என்ன செய்கிறது? சர்வரிலிருந்து எச்டிஎம்எல், அதாவது பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிய கோப்பு, வருகிறது. அதை மேலிருந்து கீழாகப் படித்து ஒரு மர அமைப்பைக் கட்டுகிறது. சிஎஸ்எஸ் கோப்பைப் பார்த்து நிறமும் அளவும் போடுகிறது. எது எங்கே உட்கார வேண்டும் என்று கணக்கிட்டுத் திரையில் வரைகிறது. இவ்வளவுதான் அடிப்படை.

சுவாரசியம் நடுவில் வருகிறது. படித்துக்கொண்டே போகும்போது பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பு ஒன்று குறுக்கிட்டால், சிறப்பு அடையாளம் எதுவும் போடாத பட்சத்தில், பிரவுசர் அங்கேயே நின்றுவிட வேண்டும். அந்தக் கோப்பு இறங்கி, ஓடி முடிக்கும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது. ஏன் இந்தக் கெடுபிடி? அந்த நிரலுக்கு, தான் நிற்கும் இடத்திலேயே புதிய எச்டிஎம்எல் வரிகளை எழுதிச் செருகும் உரிமை உண்டு. அடுத்த வரி என்ன என்பதையே அது மாற்றிவிடலாம். போதாததற்கு, அந்த நிரல் ஏதாவது ஒரு பெட்டியின் அகலத்தைக் கேட்டுவிடக்கூடும் என்பதால், அதற்கு முன்னால் வந்த சிஎஸ்எஸ் முழுக்க இறங்கும்வரை நிரலும் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்காக ஒன்று என்று வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு காலத்தில் இணையம் நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

2008 வாக்கில் பிரவுசர் செய்தவர்கள் ஒவ்வொருவராக இதற்கு ஒரு வழி கண்டார்கள். ப்ரீலோட் ஸ்கேனர் என்று பெயர். எனக்குப் பிரவுசருக்குள்ளேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். கல்யாணச் சமையலில் மாஸ்டர் அண்டாவை விட்டு நகர முடியாமல் நிற்கும்போது, எடுபிடிப் பையன் சாமான் பட்டியலின் அடிவரை கண்ணை ஓட்டி, இன்னும் வந்து சேராதவற்றுக்கு முன்கூட்டியே கடைக்கு ஆள் அனுப்பிவிடுவான் அல்லவா, அந்த வேலை. முதன்மைப் படிப்பாளி, அதாவது எச்டிஎம்எல்லைப் படித்து மரம் கட்டும் பகுதி, ஒரு நிரலுக்காக நின்றுகொண்டிருக்கும் நேரத்தில், இந்த ஸ்கேனர் மீதி எச்டிஎம்எல்லை மேலோட்டமாகப் படித்துக்கொண்டு போகிறது. மரம் கட்டாது. எந்த நிரலையும் ஓட்டாது. அளவும் பார்க்காது. "இங்கே ஒரு படத்தின் முகவரி, அங்கே ஒரு சிஎஸ்எஸ் முகவரி" என்று முகவரிகளை மட்டும் பொறுக்கி, உடனே சர்வருக்குக் கேட்டு அனுப்பிவிடும். நின்றிருந்த படிப்பாளி மறுபடி கிளம்பும்போது, அடுத்துத் தேவைப்படுபவை பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். எவ்வளவு எளிமையான யோசனை! தளம் நடத்துகிறவர் எதுவும் செய்யத் தேவையில்லை. ஓசியில் கிடைக்கிற வேகம்.

ஒரே ஒரு நிபந்தனை: முகவரி எச்டிஎம்எல்லில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ஸ்கேனருக்கு வாசிக்கத் தெரியும், யோசிக்கத் தெரியாது. சிஎஸ்எஸ் கோப்புக்குள் பின்னணிப் படமாக எழுதியிருந்தால் அதன் கண்ணில் படாது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு உருவாகும் படமும் அப்படியே.

இப்போது அந்த அழகான ஸ்லைடருக்கு வருவோம். டெம்ப்ளேட் எழுதியவர் படத்தின் முகவரியை வழக்கமான இடத்தில் எழுதாமல், 'டேட்டா-சோர்ஸ்' மாதிரி ஒரு மாற்றுப் பெயரில் ஒளித்து வைத்திருப்பார். பக்கம் இறங்கும். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு இறங்கும், அதை நம்பியிருக்கும் ஸ்லைடர் நிரல் இறங்கும். இரண்டும் ஓடும். பக்கம் முழுக்கப் படித்து முடித்தாயிற்று என்ற செய்திக்காக ஸ்லைடர் காத்திருக்கும். பிறகு திரையின் அகலத்தை அளந்து, எந்த அசைவு, எத்தனை நொடி என்று தன் அமைப்புகளைப் படித்து, கடைசியில் முகவரியை உரிய இடத்தில் வைக்கும். அந்தக் கணத்தில்தான் படத்துக்கான கோரிக்கை முதல்முறையாகப் பிரவுசரை விட்டுக் கிளம்புகிறது. விலை குறைந்த மொபைலில் இதற்குள் ஓரிரு வினாடிகள் போயிருக்கும். முழுப் பக்கத்திலும் பெரிய, முக்கியமான, காசு கொடுத்து எடுத்த புகைப்படம் வரிசையில் கடைசி ஆள். நீங்கள் படத்தைச் சுருக்கியது உண்மையில் குறைத்தது இதற்கு அப்புறம் வரும் இறங்கும் நேரத்தை மட்டும்.

இதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். கம்ப்யூட்டரில் டெமோவைத் திறந்து கன்ட்ரோலும் யு-வும் அழுத்துங்கள். வருவது சர்வர் அனுப்பிய அசல் எச்டிஎம்எல். ஸ்கேனர் படிப்பதும் இதையேதான். முதல் பேனர் படத்தின் கோப்புப் பெயரை அதில் தேடுங்கள். சாதாரணப் படக் குறியில், வழக்கமான 'எஸ்ஆர்சி' இடத்தில் இருந்தால் நல்லது. மாற்றுப் பெயரில் இருந்தாலோ, இல்லவே இல்லை என்றாலோ, கதை தெரிந்துவிட்டது. பலர் 'இன்ஸ்பெக்ட்' போட்டுப் பார்த்துவிட்டு "படம் இருக்கிறதே" என்பார்கள். அது ஜாவாஸ்கிரிப்ட் எல்லா வேலையும் முடித்த பிந்தைய நிலை. எல்லோரையும் உட்கார வைத்த பின் எடுத்த புகைப்படத்தில், யார் தாமதமாக வந்தார் என்பது தெரியாது.

டெம்ப்ளேட் எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வூகாமர்ஸ் எதன்மேல் ஓடுகிறதோ அந்த வேர்ட்பிரஸ், தன் 5.5 பதிப்பில், 2020 ஆகஸ்டில், அகலமும் உயரமும் குறித்திருந்த படங்களுக்கெல்லாம் 'தேவைப்படும்போது இறக்கு' என்ற அடையாளத்தைத் தானாகவே போட ஆரம்பித்தது. பக்கத்தின் அடியில் கிடக்கும் படங்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் திரையில் முதலில் தெரிய வேண்டிய படத்துக்கும் அது விழுந்தது. அந்த அடையாளம் உள்ள படத்தை ஸ்கேனர் விட்டுவிடும். படம் திரைக்குள் வருமா வராதா என்று தெரிய அளவுக் கணக்கு முடிய வேண்டுமே. விளைவாகப் பல தளங்களில் முதன்மைப் படம் முன்னைவிடத் தாமதமானது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு, பக்கத்தின் முதலாவது படத்துக்கு விலக்கு கொடுத்தது. 2023 ஆகஸ்டின் 6.3, ஒரு படி மேலே போய், அந்தப் படத்துக்கு 'இதை முதலில் கொண்டுவா' என்ற குறியே போட்டது. அளந்து பார்த்து, தவறு என்று தெரிந்ததும் திருத்தினார்கள். டெம்ப்ளேட் சந்தையில் இந்த அளக்கும் பழக்கம் அரிது.

கூகுளின் அளவுகோல்படி, பக்கத்தின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். அதுவும் நூற்றுக்கு 75 வருகைகளிலாவது. இன்னோர் அளவுகோல் பக்கம் குதிப்பதைப் பற்றியது. 'வாங்கு' பொத்தானைத் தொடப் போகும்போது மேலே ஒரு சலுகைப் பட்டை முளைத்து, விரல் வேறெதிலோ பட்டுவிடும் அந்த எரிச்சல். 800 புள்ளி (பிக்சல்) உயரமுள்ள மொபைல் திரையில், மேலிருந்து 600 புள்ளிவரை இருந்த உள்ளடக்கத்தை 160 புள்ளி உயரப் பட்டை ஒன்று கீழே தள்ளுகிறது என்று வையுங்கள். பாதிக்கப்பட்ட பரப்பு 760 புள்ளி, அதாவது திரையில் 0.95 பங்கு. நகர்ந்த தூரம் 0.2 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.19. நல்ல தளம் என்று சொல்ல 0.1-ஐத் தாண்டக்கூடாது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எழுதி வைத்தால், படம் வராவிட்டாலும் அதற்கான இடத்தைப் பிரவுசர் ஒதுக்கிவிடும். அந்தச் சிறு வேலையைக்கூடச் செய்யாத டெம்ப்ளேட்டுகள் எத்தனையோ.

வேகம் போனால் வியாபாரம் போகும். நிரல் மோசமானால் கடையே போகலாம். 2011-ல் டிம்தம்ப் என்ற படம் சுருக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அது எண்ணற்ற டெம்ப்ளேட்டுகளுக்குள் பொதிந்திருந்தது. 2014-ல் அதே கதை ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளக்இனுக்கு, அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரலுக்கு. அதன் ஓட்டை வழியாகத் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பையே இறக்கிக்கொள்ள முடிந்தது. ஸ்லைடரைச் செய்தவர்கள் திருத்திய பதிப்பை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் டெம்ப்ளேட்டோடு சேர்ந்து வந்த பிரதிகள் தானாகப் புதுப்பிக்கப்படவில்லை. தன் தளத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பாதிக்கப்பட்டதாகச் சுகூரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கணித்தது. இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: டிம்தம்ப் இலவசமாகக் கொடுக்கப்பட்ட நிரல். அதை வைத்துப் பல டெம்ப்ளேட்டுகள் காசு பார்த்தன. பொது நிரல்களைப் பராமரிப்பவர்களுக்குப் பாலம், சாலை பராமரிப்புக்குப் போல அரசுப் பணம் ஒதுக்குவதில் தப்பே இல்லை.

அப்புறம், அழகு என்ற பெயரில் விற்கப்படும் சில சங்கதிகள் அழகும் இல்லை. "இப்போது 23 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று பொருளுக்குக் கீழே ஒரு வரி மின்னும். பல டெம்ப்ளேட்டுகளில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கட்டங்கள்தான் இருக்கும்: குறைந்தபட்ச எண், அதிகபட்ச எண். நடுவில் ஏதோ ஒன்றைக் குலுக்கிப் போடுகிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. போலி அவசரம் காட்டுவது அதில் ஒன்று. டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருந்தது என்பது கடைக்காரருக்குச் சாக்கு ஆகாது. கடை லோகோவின் நிறத்தை எண் ஜோதிடம் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களையாவது விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மூன்று வேக பிளக்இன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வேகச் சோதனையில் நூற்றுக்கு நூறு வரும் என்று காத்திருப்பவர்களின் நம்பிக்கைதான் எனக்குக் கவலை.

தமிழில் கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. டெமோவில் 'ஆட் டு கார்ட்' இருக்கும் பொத்தானில் 'கூடையில் சேர்க்கவும்' என்று போட்டுப் பாருங்கள். உயரத்தைப் புள்ளிக்கணக்கில் பூட்டி வைத்த டெம்ப்ளேட்டில் எழுத்து வெளியே வழியும். வரி உயரம் இறுக்கமாக இருந்தால் 'ழு', 'ஞ' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும், 'கீ'யின் சுழி மேலே முட்டும். ஆங்கில எழுத்துருவை மட்டும் இணைத்திருந்தால் தமிழ் வேறு எழுத்துருவில் வந்து உட்காரும். ஒரே தலைப்பில் இரண்டு முகம். நல்ல நிரல் எழுதியவர் பெட்டியை உள்ளடக்கத்துக்கேற்ப வளர விட்டிருப்பார், அவருக்குத் தமிழே தெரியாவிட்டாலும்.

வாசகருக்கு: ஹோஸ்டிங்கை இப்போதைக்கு விடுங்கள். முதல் பக்கத்தின் ஸ்லைடரை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு படத்தை, அகலம் உயரம் எழுதி, சாதாரணப் படக் குறியில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்குத் 'தேவைப்படும்போது இறக்கு' அடையாளம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வூகாமர்ஸின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில், டெம்ப்ளேட் தன்னுள் நகலெடுத்து வைத்திருக்கும் கோப்புகளில் எவை பழையவை என்று ஒரு பட்டியல் வரும். அது நீளமாக இருந்து, விற்றவரிடமிருந்து வெகுநாளாகப் புதுப்பிப்பும் வராமல் இருந்தால், அப்போது டெம்ப்ளேட்டை மாற்றுங்கள்.