உள்ளே போன வைரஸ் எங்கே?

வைரஸ் 'பெருகுகிறது' என்றதும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும் காட்சிதான் பலர் மனத்தில் வரும். அது பாக்டீரியாவின் வழி. வைரஸ் ஒருபோதும் பிளந்து பெருகுவதில்லை. செல்லுக்குள் நுழையும்போதே அது கலைந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு உள்ளே வைரஸ் என்று ஒரு பொருளே கிடையாது.

ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 37 டிகிரி வெப்பத்தில், டி4 தொற்றிய பாக்டீரியா ஏறத்தாழ 25 நிமிடத்தில் வெடித்து, நூறு நூற்றைம்பது புது வைரஸ்களைக் கொட்டும். அதுவரை காத்திருக்காமல், இடையிடையே பாக்டீரியாக்களை உடைத்துப் பார்த்தார் டோர்மன் என்ற ஆய்வாளர். 1952-இல் அவர் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. ஏறக்குறைய முதல் பாதி நேரத்தில் தொற்றும் திறனுள்ள வைரஸ் ஒன்றுகூட உள்ளே இல்லை. தொற்றைத் தொடங்கிவைத்த வைரஸையும் காணோம்!

காரணம், அதன் புரத உடல் வெளிச்சுவரிலேயே நின்றுவிட்டது. உள்ளே போனது பெரும்பாலும் டி.என்.ஏ. மட்டுமே, சுமார் 1,69,000 எழுத்து இணைகள் (எழுத்து என்பது டி.என்.ஏ.வின் வேதி அலகு). அதைப் படிக்கும் நொதியும், புரதம் செய்யும் ரைபோசோம்களும் பாக்டீரியாவுடையவை. முதலில் உருவாகும் புரதங்களில் சில, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நறுக்குகின்றன. வைரஸின் டி.என்.ஏ. தப்புவது எப்படி? அதில் சைட்டோசின் என்ற எழுத்து சற்றே மாற்றப்பட்ட வடிவில் இருக்கிறது. மாற்றமில்லாததை மட்டுமே அந்த நொதிகள் வெட்டும். நறுக்கிய துண்டுகளும் வீணாவதில்லை, புது வைரஸ் டி.என்.ஏ.வுக்கு அவையே மூலப்பொருள்.

பிறகுதான் உறுப்புகள் தயாராகின்றன. தலை, வால், வால் இழைகள் மூன்றும் தனித்தனியே உருவாகிக் கடைசியில் சேர்கின்றன. 1966-இல் எட்கர், வுட் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதனைக் குழாயில் நிரூபித்தார்கள். தலை செய்யத் தெரியாத ஒரு டி4 திரிபு (மரபணு மாறிய வகை), வால் செய்யத் தெரியாத இன்னொரு திரிபு. இரண்டும் தொற்றிய பாக்டீரியாக்களின் சாற்றைக் கலந்தார்கள். முழு வைரஸ்கள் கிடைத்தன. உயிருள்ள செல் எதுவும் அந்தக் குழாயில் தேவைப்படவில்லை. இத்துறையில் இதைவிட அழகான சோதனை குறைவு என்பேன்.

தலை உருவாவது தனிக்கதை. முதலில் உட்புறம், கட்டடச் சாரம்போல முட்டுக்கொடுக்கும் புரதங்கள் கூடி நிற்க, அவற்றைச் சுற்றி ஓடு எழும்புகிறது. தளம் இறுகியபின் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பதுபோல, ஒரு நொதி சாரத்தைத் துண்டாக்கி இடத்தைக் காலி செய்கிறது. பிறகு தலையின் வாயில் ஒரு புரத மோட்டார் பொருந்தி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்து, டி.என்.ஏ.வை நொடிக்கு 2,000 எழுத்து இணைகள் வரை உள்ளே திணிக்கிறது. எப்போது நிறுத்துவது? தலை நிரம்பியதும் இழையை வெட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தலைக்குள்ளும் முழு மரபுத்தொகுதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எல்லா வைரஸும் இப்படியல்ல. ஃப்ளூ வைரஸ் நம் செல்லின் உட்கருவுக்குள் போய் நகலெடுத்து, செல்லை உடைக்காமல் அதன் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியேறும்.

டி4-க்கு உடைத்தாக வேண்டும். ஹோலின் என்ற புரதம் உட்சவ்வில் ஓட்டை போட, அதன் வழியே லைசோசைம் என்ற நொதி வந்து சுவரை அரிக்கும். ஆனால் வெளியே இன்னும் பல டி4-கள் வந்து அதே பாக்டீரியாவில் மோதினால், ஹோலின் தடுக்கப்பட்டு வெடிப்பு மணிக்கணக்கில் தள்ளிப்போகும். வெளியே போட்டி அதிகம், தொற்றாத பாக்டீரியா குறைவு. அந்தக் கூடுதல் நேரத்தில் உள்ளே இன்னும் பல வைரஸ்கள் தயாராகின்றன.