பில்ட் என்றால் கட்டுமானமா?

மென்பொருள் சோதனை பற்றித் தமிழில் வரும் பாடக்குறிப்புகளில் ‘கட்டுமானம் தோல்வியுற்றது’, ‘கட்டுமானக் கருவியுடன் தொகையீடு செய்க’ என்ற மாதிரி வரிகள் பெருகிவிட்டன. கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ இந்தத் துறைக்குள் நுழையும் பிள்ளைக்கு இதைப் படித்ததும் சிமெண்டும் கம்பியும்தான் நினைவுக்கு வரும். சோதனையைத் தானியக்கமாக்கி பில்டோடு இணைப்பது எப்படி என்று விளக்க வந்த குறிப்பு, பில்ட் என்றால் என்ன என்பதிலேயே தடுக்கி விழுகிறது.

பில்ட் என்ற ஆங்கில வினை ‘இருப்பிடம்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. வீடு கட்டுவது முதற்பொருள். கணினியில் அது வேறு வேலை: மூலநிரலைத் தொகுத்து (கம்பைல் செய்து), வேண்டிய நிரல் நூலகங்களைப் பிணைத்து, சோதித்து, ஓடக்கூடிய ஒரே பொதியாகத் தருவது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவி முதல் இன்றைய மேவன், கிரேடில் கருவிகள் வரை செய்வது இதைத்தான். செயலுக்கும் அதுவே பெயர், விளைவுக்கும் அதுவே பெயர். தமிழில் அப்படி இரண்டுக்கும் நிற்கும் சொல் ‘கட்டு’. விறகைக் கட்டினால் விறகுக்கட்டு, ஏட்டைக் கட்டினால் ஏட்டுக்கட்டு. நிரலைக் கட்டினால் கட்டு.

கட்டுமானம் என்பவர்கள் ‘அதுவும் கட்டு என்பதிலிருந்து வந்ததுதானே’ என்பார்கள். வேர் ஒன்றுதான், வழக்கு வேறு. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலம் கட்டுமானம். அதன் பக்கத்தில் எழுந்து 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் கட்டுமானம். ஒருமுறை எழுப்பினால் தலைமுறைக்கு நிற்பதைத்தான் நம் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். பில்ட் அப்படியா? யாரோ ஒரு வரியை மாற்றிச் சேமித்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது அது. ஒரே நாளில் பலமுறை நடக்கும். இதே கரையில் ஓடாவி வள்ளம் கட்டுகிறார். அவர் வள்ளக் கட்டுமானத்தில் ஈடுபட்டிருப்பதாக செய்தி வாசிப்பவர் மட்டும்தான் சொல்வார்.

பில்டுக்கு நெருங்கிய உறவு கட்டுமரம். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டு, அடுத்த முறைக்கு மறுபடி கட்டுவார்கள். மேவனில் பழைய விளைவுகளை அழிக்கும் க்ளீன் கட்டளை செய்வது அந்த அவிழ்ப்புதான். அதை விட்டுவிட்டுக் கட்டினால் மேவன் விளைவுகளைப் போட்டுவைக்கும் டார்கெட் அடைவில் பழைய சோதனை அறிக்கைகள் அப்படியே கிடக்கும். இந்த முறை சோதனையே ஓடாவிட்டாலும் அறிக்கை இருக்கும். பில்டைத் தானாக ஓட்டும் சர்வரான ஜெங்கின்ஸைக் கோப்பின் நேரத்தைப் பார்க்கும்படி அமைத்திருந்தால் அது பழைய அறிக்கையை ஏற்காது. அறிக்கையை நேரடியாகச் சோதனை மேலாண்மைக் கருவிக்கு (சோதனைகளின் பட்டியலையும் முடிவுகளையும் வைத்திருக்கும் மென்பொருளுக்கு) அனுப்பும் கைவேலை நிரல்கள் நேரத்தைப் பார்ப்பதில்லை; நேற்றைய தேர்ச்சி இன்றைய கணக்கில் ஏறிவிடும்.

சொல்லின் பலம் வினையில்தான் தெரியும். ஜெங்கின்ஸில் சிவப்பு வந்தால் பில்ட் விழுந்தது, அதாவது தோல்வி. மஞ்சள் வந்தால் பில்ட் முடிந்தது, ஆனால் சில சோதனைகள் விழுந்தன. கட்டு என்று வைத்துக்கொண்டால் சிவப்புக்குக் கட்டு அவிழ்ந்தது, மஞ்சளுக்குக் கட்டு தளர்ந்தது, விளக்கமே வேண்டாம். கட்டுமானக் கட்சி மஞ்சளுக்கு ‘நிலையற்ற கட்டுமானம்’ என்கிறது. இடிந்து விழப்போகும் வீட்டின் கதவில் நகராட்சி ஒட்டும் நோட்டீஸின் வாசகம் அது. பில்ட் எண்ணைக் ‘கட்டுமான எண்’ என்றால் வரைபட அனுமதி எண்ணா என்று கேட்பார்கள். கட்டு எண் போதும். அந்த எண் அற்பமும் அல்ல. ஜெங்கின்ஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதைச் சூழல் மாறியாக (நிரல்கள் படிக்கக்கூடிய மதிப்பாக) தருகிறது. டெஸ்ட்ரெயில் என்ற சோதனை மேலாண்மைக் கருவியில் சோதனை ஓட்டம் திறக்கும்போது பெயரிலோ குறிப்பிலோ அதைச் சேர்க்காவிட்டால், விழுந்த சோதனை எந்தக் கட்டில் விழுந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கட்டின் கட்டங்களும் இந்தச் சொல்லோடு இயல்பாகப் பொருந்துகின்றன. மேவனில் அலகுச் சோதனைகளை (தனித்தனிக் கூறுகளுக்கான சோதனைகளை) சூர்ஃபயர் என்ற செருகுநிரல் ஓட்டும். வேறு மாதிரி அமைக்காவிட்டால் ஒன்று விழுந்தாலும் கட்டு அங்கேயே நிற்கும், பொதியாகும் கட்டத்துக்குப் போகாது. ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டுவது ஃபெயில்சேஃப் என்ற இன்னொரு செருகுநிரல். அது தோல்வியைக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, சோதனைக்காக ஏற்றிய சர்வரை இறக்க விட்டு, அடுத்து வரும் வெரிஃபை கட்டத்தில்தான் தீர்ப்புச் சொல்லும். ஆகவே வெரிஃபை வரை போகாமல் இன்டக்ரேஷன்-டெஸ்ட் என்ற கட்டத்தோடு நிறுத்தினால் சர்வர் இறங்காது, விழுந்த சோதனையும் கட்டை நிறுத்தாது. எல்லாம் நன்றாக இருப்பதாகவே திரை காட்டும். இன்னொரு வழக்கமான பிழை, ஜெங்கின்ஸ் பைப்லைனில் (படிகளை வரிசையாக எழுதும் நிரலில்) சோதனை முடிவுகளைப் படிக்கும் ஜேயூனிட் அறிக்கைப் படியைச் சோதனைப் படிக்கு அடுத்த வரியில் எழுதுவது. சோதனை விழுந்தால் கட்டளை பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறும், அடுத்த வரி ஓடாது. அறிக்கை தேவைப்படும் நாளில்தான் அறிக்கை இருக்காது. அந்தப் படி, எல்லாம் முடிந்தபின் ஓடும் போஸ்ட் பகுதியில் ஆல்வேஸ் (எப்போதும்) என்பதன் கீழ் இருக்க வேண்டும். முடிவுகளை டெஸ்ட்ரெயிலோடு பொருத்த வேண்டியது சோதனையின் பெயரை வைத்து அல்ல, சி என்ற எழுத்தோடு வரும் அதன் எண்ணை வைத்து. பெயரை நம்பினால், யாராவது நிரலில் அந்தச் சோதனையின் மெத்தட் பெயரை மாற்றிய அன்று பழைய வரலாறு அறுந்துவிடும். ஓடாமல் தாண்டப்பட்ட சோதனையைத் தேர்ச்சியாக ஏற்றுவதும் நடக்கிறது. அது நேரடிப் பொய்.

மற்ற போட்டிச் சொற்களுக்கு அதிக நேரம் வேண்டாம். தொகுப்பு கம்பைலுக்குப் போய்விட்டது. கட்டமைப்பு ஏற்கனவே ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று மூன்று சுமை தூக்குகிறது. உருவாக்கம் எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் பயன்படாது. கட்டு என்றால் காயத்துக்குப் போடும் கட்டு நினைவுக்கு வராதா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுக்கருவி, கட்டு எண், இரவுக்கட்டு (நைட்லி பில்ட்) என்று தொகைச்சொல்லாக வரும்போது அந்தக் குழப்பம் வராது.

உண்மையான கோளாறு அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம். இன்டக்ரேஷனுக்குக் கணிதப் பாடத்தில் தொகையீடு என்றிருந்தால் சோதனைக்கும் தொகையீடு. நுண்கணிதத்தில் பரப்பைக் கூட்டுவதற்கான சொல் அது. இன்டக்ரேஷனின் லத்தீன் மூலச்சொல்லுக்கு ‘முழுமையாக்குதல்’ என்று பொருள். தனித்தனிக் கூறுகள் சேர்ந்து ஒன்றாக இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு ஒருங்கிணைப்பு சரியாகவே இருக்கிறது. பில்டின் விளைபொருளைக் குறிக்கும் ஆர்டிஃபாக்ட்டுக்குத் தொல்பொருள் என்று போடுவதும் இதே நோய். தொல்பொருள் வேண்டுமானால் அழகன்குளத்தில் தோண்டிப் பார்க்கலாம். கட்டிலிருந்து வெளிவரும் ஜார் என்ற பொதிக்கோப்பைக் கட்டுக்கோப்பு என்று சொன்னால் ஒழுங்கு என்ற பொருளோடு மோதும் என்பதால் அந்த ஆசையையும் விட வேண்டும். கட்டுப்பொதி என்று எழுதலாம்.